காயிலைத் தேர்ந்தெடுத்தவர்களும் கையைச் சுட்டுக்கொண்டவரும்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியோடுதான் வருகிறீர்கள். "மேஸ்திரி, பழைய ரேஸ் காருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத இக்னிஷன் போடலாமா? எதைப் போடலாம்?" என்று கேட்டுவிட்டு, போனில் நாலைந்து பெட்டிகளின் படத்தை அனுப்புகிறீர்கள். நான் ஒன்றைக் காட்டி இதை வாங்கு என்றால் போதும், உங்கள் யோசனை முடிந்துவிடும். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேல் கொஞ்சம்தான். மீதி யார் மேல் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் சந்தவாசல்காரன். சென்னைக்கு வெளியே ரேஸ் வண்டிகளுக்கு வயரிங்கும் டைமிங்கும் பார்த்தே என் தலை நரைத்தது. ஓய்வு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். கரும்பு வைத்தேன். கோயிலுக்குப் போனேன், வந்தேன். அப்படி இருந்தவனைத் தேடி ஒருநாள் தயாளன் வந்தார். படவேட்டுப் பக்கம் அவருக்கு ரைஸ் மில் இருக்கிறது. நல்ல மனிதர்தான். கல்யாணம், காதுகுத்து என்று யார் வந்து நின்றாலும் மூட்டையை இறக்கிவிடுவார். ஆனால் பணம் இருக்கிற நல்ல மனிதருக்கு ஒரு கெட்ட பழக்கம் வரும். தன் பேச்சுக்கு யாரும் மறுப்புச் சொல்லாத இடத்திலேயே இருந்து இருந்து, முடியாது என்ற சொல் அவர் காதில் ஏறாமல் போய்விடும்.

அவர் ஒரு பழைய ரேஸ் கார் வாங்கியிருந்தார். அறுபதுகளில் யாரோ ஒருவர் சென்னையில் சொந்தக் கையால் கட்டியது. குழாய்ச் சட்டம், அலுமினியத் தகட்டு உடம்பு, மேலே கூரை கிடையாது. பானெட்டைத் தோல் வார் போட்டுக் கட்டியிருக்கும். உள்ளே நாலு சிலிண்டர், பக்கவாட்டில் இரண்டு பெரிய கார்புரேட்டர். அதற்கு ஏர் ஃபில்டர்கூடக் கிடையாது, வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பார்த்ததும் எனக்கே கை பரபரத்தது, பொய் சொல்லவில்லை.

பழைய கார் பிரியர்கள் சிலர் சேர்ந்து ஜவ்வாது மலைச்சாலையில் ஒரு மலையேற்றப் போட்டி வைக்கப்போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு வண்டிகளை ஒவ்வொன்றாக மேலே விட்டு நேரம் பார்ப்பார்கள் என்றும் தயாளன் சொன்னார்.

"யார் ஓட்றது முதலாளி?" என்றேன்.

"நம்ம காளியப்பன்."

காளியப்பன் அந்த மலைமேல் இருக்கிற நெல்லிவாசல்நாட்டு ஆள். வீட்டில் சாமையும் புளியும்தான் பிழைப்பு. இவர் மட்டும் ஷேர் ஜீப் ஓட்டப் போனவர். பஸ் வராத ஊர்களுக்கு ஆளையும் மூட்டையையும் ஆட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு, மழையிலும் பனியிலும் அந்த வளைவுகளில் ஏறி இறங்கியவர். தயாளன் ஒருமுறை அவர் ஜீப்பில் மேலே போயிருக்கிறார். இறங்கும்போதே முடிவு செய்துவிட்டார், ஓட்டினால் இந்த ஆள்தான் ஓட்டவேண்டும் என்று. இந்தப் போட்டி நன்றாக முடிந்தால் ரேஸ் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து, வெளியூர்ப் போட்டிகளுக்கும் அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பிக் காளியப்பன் ஜீப் வேலையை விட்டுவிட்டார். அந்த ஜீப்பை மறுநாளே வேறு ஒருவர் எடுத்துக்கொண்டார். இதை நன்றாக மனதில் வையுங்கள். எங்களுக்கெல்லாம் அது பொழுதுபோக்கு. அந்த ஒருவருக்குத்தான் பிழைப்பு.

காரில் என்ன கோளாறு? டிஸ்ட்ரிபியூட்டர் கிழடு தட்டிவிட்டது. அது பந்தியில் பரிமாறுகிற ஆள் மாதிரி. ஒரே காயிலில் பிறக்கும் பொறியை நாலு பிளக்குக்கும் முறை வைத்துப் போட்டுக்கொண்டு போகவேண்டும். வயதானால் கை நடுங்கும், வேகம் கூடினால் ஓர் இலையை விட்டுவிடும். அந்த ஆளை அனுப்பிவிட்டு, இன்ஜினைச் சுழற்றுகிற கிராங்க் தண்டின் முனையில் பல் வைத்த ஒரு சக்கரம், அந்தப் பல்லை எண்ணுகிற ஒரு சென்சார், நேரடியாகக் காயிலை ஏவுகிற ஒரு கம்ப்யூட்டர் பெட்டி என்று வைப்பதுதான் நீங்கள் கேட்கிற சிஸ்டம். நல்ல சிஸ்டம். நான் அதற்கு எதிரி இல்லை. பழசு என்றாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆட்களைக் கண்டாலும் எனக்கு ஆகாது.

ஆனால் அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் இரண்டு பிளக்குக்கு ஒரு காயில். இரண்டிலும் ஒரே நேரத்தில் பொறி விழும். ஒரு சிலிண்டரில் எரிய வேண்டிய நேரத்தில் விழும், மற்றதில் புகை வெளியே போகிற நேரத்தில் வீணாக விழும். வீட்டுக்காரில் இந்த வீண் பொறியால் ஒரு கெடுதலும் இல்லை. அங்கே எரிய ஒன்றும் இருக்காது. ரேஸ் இன்ஜினில் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்ட் வேறு மாதிரி. புகை போய் முடியும் முன்பே பெட்ரோலும் காற்றும் வருகிற வால்வு திறந்துவிடும். மெதுவாகச் சுற்றும்போது அந்த வேளை பார்த்து வீண் பொறி விழுந்தால், நெருப்பு வந்த வழியே திரும்பிக் கார்புரேட்டர் வாய் வழியாக வெளியே வரும். இன்னொரு வகையில் பிளக்குக்கு ஒரு காயில். கேம்ஷாஃப்டிலும் ஒரு சென்சார் வைத்து, வேண்டிய நேரத்தில் மட்டும் பொறி விடும். வேலை அதிகம், சாமான் வரக் காத்திருக்கவேண்டும்.

நான் இரண்டாவதைத்தான் சொன்னேன். தயாளன் சென்னையிலிருந்து வரவழைத்த பிரதீப் முதலாவதைச் சொன்னான். லேப்டாப்பில் டியூனிங் செய்கிற பையன், கெட்டிக்காரன். அதையும் சொல்லிவிடுகிறேன், அவன் வேலையில் ஒரு வயர் கோணலாகப் போகாது.

"ஃபுல் த்ராட்டில்ல ஒண்ணும் ஆகாது சார்" என்றான்.

"மெதுவா போகும்போது?"

"ரேஸ் கார் எதுக்கு சார் மெதுவா போகணும்?"

மில் ஆட்கள் சிரித்தார்கள். தயாளனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏறின வண்டி எறங்கணுமே தம்பி" என்றேன்.

"எறங்கறதுக்கு டைம் எடுக்க மாட்டாங்க சார்."

இதைக் கேட்டீர்களா? இறங்குவதற்கு நேரம் பார்க்கமாட்டார்கள், ஆகவே இறங்குவது கணக்கில் இல்லை. நம் தொழிலில் பாதி நாசம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். போட்டியை மட்டும் யோசித்துச் சாமான் வாங்குகிறோம். வண்டியைத் தள்ளுவது, கிளப்புவது, நடு வளைவில் அணைந்துபோவது, திரும்பி இறங்குவது, இதெல்லாம் யாரோ செய்கிற காரியம் என்று நினைக்கிறோம். அந்த யாரோ காருக்குள் நெஞ்சில் பெல்ட் கட்டி உட்கார்ந்திருப்பார்.

சரி, கொஞ்ச நாளைக்குப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரையே புதுப்பித்துப் போடலாம், சாமான் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். தயாளன் தலையைச் சொறிந்தார். "அத்த அறுத்து பாலிஷ் போட்டு டேபிள் லாம்ப் பண்ணிட்டனே மேஸ்திரி. ஹால்ல கீது பாருங்க." போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் எரிந்தது.

அந்தப் பேச்சில் காளியப்பன் இல்லை. ஓட்டப்போகிறவரைக் கூப்பிடவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. நான் கேட்டதற்கு, "அவருக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? வண்டிய குடுத்தா ஓட்டுவாரு" என்றார் தயாளன். பிரதீப் சொன்ன இரட்டைக் காயில் பெட்டியே வந்து உட்கார்ந்தது.

போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை மதியம் ஒத்திகை. காளியப்பன் ஏறினார் பாருங்கள். வண்டி சத்தம் ஒரே சீராக மலைமேல் ஏறிக்கொண்டே போனது, எந்த வளைவிலும் தடுமாறவில்லை. கொல்லைக்காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். பிரதீப் என் தோளைத் தட்டினான். "இன்னா சார், இப்ப சொல்லுங்க" என்றான், எங்கள் ஊர்ப் பேச்சில் கிண்டல் செய்துகொண்டு. ஏறும்போது அவன் சொன்னதுதான் சரி. நானும் தலையாட்டினேன்.

ஒத்திகை முடிந்து, வளைவுகளில் நின்ற கொடிக்காரர்கள் எல்லாம் சாப்பிடக் கீழே போய்விட்டார்கள். கடைசி வண்டியாகக் காளியப்பன் இறங்க வேண்டியதுதான் பாக்கி. நானும் பிரதீப்பும் நடுவழியில் ஒரு புளியமரத்தடியில் ஜீப்பை ஓரம்கட்டிக் காத்திருந்தோம். கார் கண்ணில் பட்டது, ஆனால் இன்ஜின் சத்தம் இல்லை. டயர் உரசுகிற சத்தமும் கியர் முனகலும் மட்டும்தான் கேட்டது. இதென்ன என்று நான் எழுந்து நிற்பதற்குள் எங்களுக்கு மேல் வளைவில் டப் என்று ஒரு சத்தம். பானெட் இடுக்கிலிருந்து தீ நாக்கு நீட்டியது.

வேறு யாராவதாக இருந்தால் பயத்தில் ஸ்டீயரிங்கை விட்டிருப்பார்கள். ஒரு பக்கம் பள்ளம். காளியப்பன் வண்டியை மலைப்பக்கம் சாய்த்து மண்மேட்டில் முட்டி நிறுத்தினார். குதித்து இறங்கி, தோல் வாரை அவிழ்த்து, கொதித்த பானெட்டைத் தூக்கி உள்ளே கைவிட்டுப் பெட்ரோல் குழாயின் திருகை மூடினார். வெறும் கை. கையுறையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார், ஒத்திகைதான் முடிந்துவிட்டதே என்று. நாங்கள் ஓடிப் போவதற்குள் கொல்லையில் இருந்த ஜனங்கள் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டித் தீயை அடக்கிவிட்டார்கள். எங்கள் ஜீப்பில் இருந்த தீயணைப்பான், பிரதீப்பின் லேப்டாப் பைக்கும் தயாளனின் பலகாரக் கூடைக்கும் அடியில் இருந்தது. அதை இழுத்து எடுக்கும்போது தீயே இல்லை.

வலது உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. தண்ணீரை ஊற்றிக்கொண்டே கேட்டேன், "இன்ஜின் ஏன் ஓடல காளியப்பா?"

"நான்தாங்க சாவிய ஆஃப் பண்ணிட்டேன். செகண்ட் கியர்ல போட்டு எறக்கினேன். இந்த வளைவு வந்ததும் மறுபடி ஆன் பண்ணேன், டப்புன்னுச்சு."

மலை ஜீப்காரர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. இறக்கத்தில் டீசலை எரிக்கிறவன் டிரைவரே இல்லை என்று பேசிக்கொள்வார்கள். கியரில் போட்டுச் சாவியை அணைத்துவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசல் ஜீப்பில் அதனால் நெருப்புப் பிடிக்காது, அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. பெட்ரோல் ரேஸ் காரில் அப்படி இறங்கினால் எரியாத பெட்ரோல் இன்ஜினுக்குள் போய்க்கொண்டே இருக்கும். குழாயெல்லாம் ஈரம். அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் பெரும்பாலும் சைலன்சரில் ஒரு வெடிச் சத்தத்தோடு போகும். இதிலோ வீண் பொறி, திறந்த வால்வு, திறந்த கார்புரேட்டர்.

"ரேஸ் வண்டில எதுக்குப்பா ஆஃப் பண்ண?" என்றேன்.

அவர் பிரதீப்பைப் பார்த்தார். "தம்பிதாங்க சொன்னாரு. இந்தப் பொட்டி பேட்டரிய ரொம்ப குடிக்கும், வண்டில டைனமோ கெடையாது, சார்ஜ் ஏறாது, பார்த்து மிச்சம் பண்ணி ஓட்டுங்கன்னு. எறங்கறப்ப எதுக்கு வீணாக்கணும்னு பார்த்தேன்."

நான் பிரதீப்பைப் பார்த்தேன். அவன் போனை எடுத்து எதையோ தேடத் தொடங்கினான். அந்த இடத்தில் அவனை அறைந்திருப்பேன். எதற்குத் தெரியுமா? அப்படிச் சொன்னதற்கு இல்லை. எடை குறைய டைனமோவைக் கழற்றிய வண்டிக்கு, மின்சாரம் தின்கிற பெட்டியை வைத்தால் அப்படிச் சொல்லத்தான் வேண்டும். சொன்னவன், கேட்டவர் அதை எப்படிச் செய்வார் என்று யோசிக்கவில்லை. காளியப்பனுக்கு மிச்சம் பண்ணுவது என்றால் ஒரே வழிதான், சாவியை அணைப்பது. வாழ்நாளெல்லாம் அப்படித்தான் மிச்சம் பிடித்தார். ஒருநாள் அவர் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து மலை இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும். எங்களில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

அடிவாரத்துப் பள்ளிக்கூட மைதானத்தில்தான் எல்லா வண்டிகளும் நின்றன. காரை ஜீப்பில் கயிறு கட்டி இறக்கிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அதற்குள் தயாளனுக்குத் தகவல் போய்விட்டது. முதலில் காளியப்பன் கையைப் பார்த்தார், "அடடா" என்றார். பிறகு காரைச் சுற்றி வந்தார். "பெயிண்டு கூட கருகல" என்றார்.

மண்ணைத் துடைத்து, கார்புரேட்டரைக் கழுவி மாட்டினால் காலையில் வண்டி ஓடும் என்றான் பிரதீப். பொறி விழுகிற டைமிங்கைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறானாம். தயாளன் குரலைத் தாழ்த்தினார். "வண்டி செக் பண்ற ஆபீசரம்மாகிட்ட ஒண்ணும் பேச வேணாம். நாளைக்கு சாவிய ஆஃப் பண்ணாம எறங்கட்டும், முடிஞ்சி போச்சி." பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டபோது குரல் ஏறிவிட்டது. "மலைக்காரன் பழக்கம் சார், எங்க போவும்? ஜீப்புன்னு நெனச்சிக்கினு ஓட்டிட்டான்."

காளியப்பன் பக்கத்தில்தான் நின்றார். கையில் துணி சுற்றியிருந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? காயிலைத் தேர்ந்தெடுத்தது ஒருவர், பேட்டரியை மிச்சம் பிடிக்கச் சொன்னது ஒருவர், தோல் உரிந்ததும் திட்டு வாங்கியதும் மூன்றாமவர்.

"முதலாளி, நாளைக்கு இந்த வண்டி போகக்கூடாது" என்றேன்.

"அவரே ஓட்றேங்கறாரு. உங்களுக்கு இன்னா மேஸ்திரி?"

இங்கேதான் கேட்டுக்கொள்ளுங்கள். நெருக்கடியில் வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது. எல்லோருக்கும் நாக்கு இருக்கிறது. ஆகவே நான் வாதம் பண்ணவில்லை. காளியப்பனைக் காரில் உட்காரச் சொன்னேன். பெல்ட்டைக் கட்டினேன். "வளைவுல வண்டி அணைஞ்சி போச்சி. சாவிய திருப்புற. தீ புடிச்சிக்கிச்சி. வெளிய வா" என்றேன்.

அவர் வலது கையால் நெஞ்சுப் பூட்டைத் திருகப் பார்த்தார். முகம் சுருங்கியது. விரல் மடங்கவில்லை. இடது கைக்கு மாறினார். பூட்டு அந்தக் கைக்குத் தோதாக இல்லை, இரண்டு தடவை வழுக்கிற்று. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் திறந்துகொண்டு, வெற்றி பெற்றவர் மாதிரி சிரித்தார். "வந்துட்டேன் பாருங்க!"

நான் தயாளன் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், புரிந்தது. ஒரு கணம் கண்ணைத் தாழ்த்தினார். அப்புறம், "அணைஞ்சா தான? அணையாது" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார். புரியாதவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. புரிந்துகொண்டு டீ வாங்கப் போகிறவரை என்ன செய்வது?

வண்டிகளைச் சோதித்து அனுமதி தருகிற அம்மா, பள்ளியின் கடைசி வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார். நான் அங்கே நடந்தேன். பாதி வழியில் காளியப்பன் ஓடிவந்து குறுக்கே நின்றார். இந்தமுறை சிரிப்பு இல்லை.

"மேஸ்திரி, சொல்லாதீங்க. கால்ல வேணும்னாலும் வுழறேன்."

"கை எரிஞ்சி கெடக்குது. நாளைக்கு நீயே எரிஞ்சிட்டா?"

"எரியலன்னா? ஜீப்ப வுட்டுட்டு வந்துட்டேங்க. நாளைக்கு ஊரே அந்த வளைவுல வந்து நிக்கப் போவுது. எங்க வூட்டுல புள்ளைங்களுக்கு புதுத்துணி போட்டு கூட்டிக்கினு வர்றாங்க. இத வுட்டா என் கையில வேற வண்டி எவன் குடுப்பான்? என் உசுரு, நான் பார்த்துக்கறேன். நீங்க யாரு தடுக்க?"

அவர் உயிர்தான், அவர் பிழைப்புதான். ஆனால் அந்தக் காயிலை அவர் தேர்ந்தெடுக்கவில்லையே. தான் ஒப்புக்கொண்ட ஆபத்துக்கு ஒருவர் பொறுப்பேற்கலாம். அடுத்தவர்கள் அவருக்குத் தெரியாமல் பானெட்டுக்கு அடியில் வைத்த ஆபத்துக்கு எப்படிப் பொறுப்பேற்பார்? அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த அம்மா முழுவதையும் கேட்டார். தயாளனையும் பிரதீப்பையும் கூப்பிட்டனுப்பினார். காளியப்பன் தானாக வந்து கதவோரம் நின்றார்.

"டிரைவர் தப்பு இல்லம்மா" என்றேன். "பேட்டரிய மிச்சம் பண்ணச் சொன்னது எங்க பக்கம்."

அவர் பிரதீப்பிடம் திரும்பினார். "நீங்க சொன்னீங்களா?"

ஒரு சின்ன வார்த்தை போதும். ஆமாம் என்றால் முடிந்தது. அவனுக்கு யாரும் தண்டனை கொடுக்கப்போவதில்லை, தூக்கில் போடப்போவதில்லை. பிரதீப் தயாளனைப் பார்த்தான். தயாளன் சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தைப் பார்த்தார். பிரதீப் தரையைப் பார்த்தான்.

"சரியா ஞாபகம் இல்ல மேடம். ஜெனரலா ஏதாவது சொல்லியிருப்பேன்."

ஞாபகம் இல்லையாம். மதியம் சொன்ன வார்த்தை சாயங்காலம் மறந்துவிட்டதாம். அவன் லேப்டாப்பில் இருக்கிற எண்ணையெல்லாம் பார்க்காமலே தலைகீழாகச் சொல்வான் தெரியுமா? எனக்கு வாயில் வந்ததையெல்லாம் அந்த வகுப்பறையிலேயே கொட்டினேன். அந்த அம்மா மேசையைத் தட்டி என்னை நிறுத்தினார். வண்டிக்கு அனுமதி இல்லை என்றார். டிரைவர் மேல் தப்பா, சாமான் மேல் தப்பா என்று தீர்ப்புச் சொல்வது தன் வேலை இல்லை என்றார். அது உண்மைதான். அவர் வேலையை அவர் செய்தார். எங்கள் வேலையை நாங்கள் செய்யவில்லை.

மறுநாள் காலை போட்டி நடந்தது. நான் வீட்டில் இருந்திருக்கலாம். மனது கேட்காமல், ரோட்டை மூடுமுன் ஜீப் பிடித்து மேலே போனேன். புளியமரத்து வளைவில் நெல்லிவாசல்நாட்டு ஜனங்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வண்டி வரும்போதும் பிள்ளைகள் எழுந்து எழுந்து பார்த்தார்கள். காளியப்பன் கூட்டத்துக்குப் பின்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். நான் அதுவரை அவரைப் பார்த்ததில்லை.

"எங்க வூட்டுக்காரர வண்டிய வுட்டு எறக்கினது நீங்கதானாங்க?"

"ஆமாம்மா."

"வண்டி அவங்ககிட்டயே கீது. சென்னை தம்பிக்கு வேலை கீது. எறங்கினது எங்காளு மட்டுந்தானா?"

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். வண்டியைத்தான் நிறுத்தினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நின்றுபோனது அந்த ஆள்தான். ஒருவரின் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று மார் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். காப்பாற்றியது போதாது. அவர் பெயரையும் காப்பாற்றவேண்டும். அதற்குத் தனியாள் கத்தினால் ஆகாது. தெரிந்தவன் ஒவ்வொருவனும் வாயைத் திறக்கவேண்டும்.

சில மாதம் கழித்துத் தயாளன் போன் செய்தார். குரலில் பழைய உற்சாகம். நான் சொன்ன சிஸ்டத்தையே போட்டுவிட்டாராம். பிளக்குக்கு ஒரு காயில், கேம்ஷாஃப்டில் சென்சார். சின்ன டைனமோகூட வைத்தாயிற்றாம். "ஸ்டார்ட் பண்ணா பூ மாதிரி நிக்கிது மேஸ்திரி. நீங்க சொன்னதுதான் கரெக்டு. வந்து ஒரு தடவ பார்த்துட்டுப் போங்க" என்றார்.

"யார் ஓட்றாங்க?"

"சென்னையிலேர்ந்து ஒரு பையன். பிரதீப் கூட்டிக்கினு வந்தான்."

"காளியப்பன் கை ஆறிப்போச்சே முதலாளி. நான் பார்த்தேன். வேற ஒருத்தர் ஜீப்புல கூலிக்கு ஓட்டிக்கினு கீறாரு."

"ஆறிடுச்சா? நல்லது, நல்லது" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு சொன்னார், "ஆனா ஏற்கெனவே ஒரு வண்டிய எரிய வுட்டவராச்சே மேஸ்திரி. அவர்கிட்ட மறுபடி எப்பிடி குடுக்கறது?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதை நம்பியே விட்டார். நான் போனை வைத்துவிட்டேன், இன்றுவரை அந்தக் காரைப் போய்ப் பார்க்கவில்லை. ஆகவே எந்தக் காயில் நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள், அது பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. வண்டியை யார் ஓட்டப்போகிறார் என்று முதலில் சொல்லுங்கள். அவரிடம் நீங்கள் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள், நாளைக்கு யாராவது கேட்டால் அதை நான்தான் சொன்னேன் என்று நாலு பேர் முன்னால் சொல்வீர்களா, அதையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு படம் அனுப்புங்கள், பார்க்கிறேன்.